பிடி மாற்றிய பிஸ்டல்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பெருமுக்கல் என்று ஓர் ஊர். ஊரைவிட மலைக்குத்தான் பெயர் அதிகம். வெள்ளைக்காரர்கள் தங்கள் வாய்க்கு வசதியாக அதைப் பெர்மாகாயில் என்று எழுதிவைத்தார்கள். 1760-ல் அயர் கூட்டின் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அந்த மலைக்கோட்டையைப் பிடித்தது. 1782-ல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மலையில் சிவன் கோயில் இருக்கிறது. கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. கோட்டைக்கும் கோயிலுக்கும் வெகு காலம் முன்னால் யாரோ பாறையில் கீறிவைத்த கோடுகளும் இருக்கின்றன.

நான் அந்தக் கோடுகளைப் பார்க்கத்தான் போனேன். என்னை அழைத்துப்போன நண்பர்கள் இருவரும் ஒரு பிஸ்டலைப் பற்றிச் சண்டை போடுவதற்காக வந்திருந்தார்கள். அது எனக்கு முன்கூட்டியே தெரியாது.

ஒருவர் டாக்டர், ஓய்வு பெற்றவர். மற்றவர் புதுச்சேரிக்காரர்; வயதில் சின்னவர். இரண்டு பேரும் பழைய ஆயுதங்கள் சேர்க்கிறவர்கள். சட்டத்துக்குப் பயந்தவர்கள்தான். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில், பழங்காலத்து மாதிரியாக இருந்து, பழுது பார்த்தாலும் சுட உதவாத ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. குழல் அடைபட்டு, சுத்தியல் விழாமல் கிடக்கிற சாமான்களே அவர்களிடம் இருந்தன. சுட முடியாத துப்பாக்கியைப் பற்றித்தான் மனிதர்கள் இவ்வளவு சூடாகப் பேசமுடியும் என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மலையடிவாரத்தில் டாக்டருக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் இருந்தார். கோயில் கதவுகள் செய்கிறவர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டாக்டர் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு ஃப்ளோபேர் பிஸ்டல்.

ஃப்ளோபேர் என்பது ஒரு பாரிஸ் துப்பாக்கிக்காரரின் பெயர். 1845-ல் அவர் ஒரு சின்ன யுக்தி செய்தார். அந்தக் காலத்தில் துப்பாக்கி வெடிக்க வைப்பதற்காகப் பொருத்துகிற செம்புத் தொப்பி ஒன்று உண்டு. அதன் வாயிலேயே ஒரு குருணை ஈயத்தை வைத்துவிட்டார். தனியாக மருந்து வேண்டியதில்லை. தொப்பியில் இருக்கிற வெடிப்பொருளே ஈயத்தைத் தள்ளிவிடும். சத்தம் குறைவு, புகை குறைவு, வீட்டுக் கூடத்திலேயே பலகையை நிறுத்திக் குறி பழகலாம். அதனால் இதற்குக் கூடத்துப் பிஸ்டல் என்றே பிரெஞ்சில் பெயர். பெரிய மனிதர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டாடுவது போல இதை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி 1857-ல் கொண்டுவந்த சிறிய தோட்டா இந்த யுக்தியிலிருந்து பிறந்ததுதான். இன்றைக்கும் உலகம் முழுவதும் குறி பழகுகிறவர்கள் சுடுகிற சின்னத் தோட்டாக்களுக்கு இந்தத் தொப்பிதான் மூதாதை.

டாக்டரின் பிஸ்டலில் குழல், பூட்டு எல்லாம் பிரெஞ்சுக்காரன் செய்தபடியே இருந்தன. பிடி மட்டும் வேறு. இந்த ஜாதிப் பிஸ்டல்களுக்கு வழக்கமாக, கருத்த மரத்தில் வரி வரியாகக் கடைந்த அழகான பிடி இருக்கும். இதில் இருந்ததோ கட்டையாக, ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் குழிந்து, பார்க்கிறவர்களுக்கு ஒரு அருவருப்பைத் தருகிற பிடி. பின்குறியிலும் ஒரு பித்தளைத் தகட்டை யாரோ வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"நல்ல சாமானை எவனோ பாழ் பண்ணியிருக்கான், தம்பி. இதை அப்படியே வெச்சிருந்தா ஒருத்தன் சீந்தமாட்டான்" என்றார் டாக்டர்.

"அதுதான் சார் இதோட விசேஷமே! இந்த மாதிரி வேறே ஒண்ணு இருக்கா சொல்லுங்க" என்றார் புதுச்சேரிக்காரர்.

டாக்டரின் திட்டம் எளிது. ஒரு புத்தகத்திலிருந்து அசல் பிடியின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்து ஆசாரி கருங்காலியில் ஒரு பிடி செய்து தரவேண்டும். பழைய பிடியைக் கழற்றி எறிந்துவிட்டால் பிஸ்டல் அசலாகிவிடும்.

இந்த 'அசல்' என்ற வார்த்தையைத்தான் நான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்கிறேன். பிஸ்டலில் இருந்த பிடி, பார்த்த பார்வைக்கே நூறு வருஷத்துப் பழசு. அதைக் கழற்றிவிட்டு, போன வாரம் ஆசாரி செய்த பிடியைப் பொருத்தினால் அது அசல்! சேகரிப்பவர்களின் பாஷையில் இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அவர்களுக்கு அசல் என்பது கம்பெனியை விட்டு வெளியே வந்த அந்த ஒரு நாள். அதற்குப் பிறகு சாமானுக்கு நேர்ந்ததெல்லாம் விபத்து. மனித கையில் பட்டதே ஒரு விபத்து. கை படாமல் பெட்டியிலேயே கிடந்த துப்பாக்கிக்குத்தான் உலகச் சந்தையில் மதிப்பு அதிகம். நாவல் எழுதுகிறவனுக்கு இந்தச் சித்தாந்தம் பிடிபடாது. பெட்டியிலேயே கிடந்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

புதுச்சேரிக்காரர் பேச்சு மட்டும் எனக்குப் பிடித்திருந்ததா என்றால், அதுவும் இல்லை. அவர் இன்னொரு கோடியில் நின்றார். பிடியை மாற்றியவர் யார் என்று அவருக்குத் தெரியுமாம். "ஐயர் காலத்து ஆளுங்கதான் சார். வேறே யாரு இங்க குறி பழகினாங்க?" என்றார். புதுச்சேரியில் அகப்படுகிற ஒவ்வொரு துருப்பிடித்த துப்பாக்கிக்கும் வ. வே. சு. ஐயர் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். பலகையைச் சுடுகிற விளையாட்டுப் பிஸ்டலை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்யத்தை எதிர்க்க நினைக்கிற அளவுக்கு ஐயர் விவரம் தெரியாதவர் அல்ல.

அவர் எங்கே பழகினார் என்பது தெரிந்த விஷயம். லண்டனில், பாரிஸ்டர் படிப்புக்குப் போன இடத்தில், இந்தியா ஹவுஸ்காரர்களோடு பழகினார். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மதன்லால் திங்ரா டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் காசு கொடுத்துச் சுடுகிற ஒரு கூடத்தில் பழகிவிட்டு 1909 ஜூலை 1-ந் தேதி கர்ஸன் வைலியைச் சுட்டான். அதே வருஷம் சாவர்க்கர் இருபது பிரௌனிங் பிஸ்டல்களை இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றால் டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் சுடப்பட்டார். ஐயர் 1910-ல் போலீஸ் கண்ணில் படாமல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். கரடிக்குப்பத்தில் அவர் இளைஞர்களுக்குக் குறி வைக்கச் சொல்லிக் கொடுத்ததாகவும், வாஞ்சி அங்கே பழகினதாகவும் சொல்வார்கள். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அதன் பிடியை யாரும் மாற்றவில்லை. மாற்ற அவகாசமும் இல்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் அது வந்தது. அதே பிஸ்டலால் வாஞ்சி தன்னையும் முடித்துக்கொண்டான்.

பிடியை மாற்றுகிறவன் வேறு மாதிரி மனிதன். நாளைக்கும், அடுத்த மாதமும், அடுத்த வருஷமும் சுடப்போகிறவன். குறி தவறுவது தன் குற்றமா கட்டையின் குற்றமா என்று யோசிக்கிறவன். குறிப் போட்டிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐம்பது மீட்டர் பிஸ்டல் என்று ஒரு போட்டி 1896 முதல் 2016 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. அதில் சுடுகிறவர்களின் பிஸ்டலைப் பார்த்தால் துப்பாக்கி என்றே தோன்றாது. கையை மாவில் அழுத்தி எடுத்த அச்சு மாதிரி, விரலுக்கு விரல் குழி வைத்துக் கடைந்த பிடி. ஒருவன் பிஸ்டல் மற்றவன் கைக்கு உதவாது. ஹங்கேரிக்காரர் காரொய் டகாச் கதையை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை போயிற்று. இடது கையால் முதலிலிருந்து ஆரம்பித்தார். 1948-ல் லண்டனில் உலக சாம்பியனான அர்ஜென்டீனாக்காரர் அவரைப் பார்த்து, இங்கே என்ன வேலை என்கிற பாவனையில் கேட்டாராம். கற்றுக்கொள்ள வந்தேன் என்றாராம் டகாச். அந்தப் போட்டியில் தங்கம் டகாச்சுக்கு, கேட்டவருக்கு வெள்ளி. 1952-லும் தங்கம் அவருக்கே.

ஆசாரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் பிஸ்டலை வாங்கி, கண்ணருகில் கொண்டுபோய், பிடியின் அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பூவரசுங்க" என்றார். "சீமை மரம் இல்லே. நம்ம ஊர் வேலை." பிறகு அதைப் பிடித்துப் பார்த்தார். வலது கையில் பிடித்தார், இடது கைக்கு மாற்றினார், திரும்ப வலது. புடைத்திருந்த இடத்தைத் தடவினார். அந்தப் புடைப்பைத்தான் டாக்டர் கோணல் வேலை என்று சொல்லியிருந்தார்.

"இந்த ஆளுக்குச் சுண்டுவிரல் இல்லீங்க" என்றார் ஆசாரி.

நாங்கள் மூவரும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தோம். உண்மைதான். சுண்டுவிரல் படிய வேண்டிய இடத்தில் மரம் இருந்தது. விரல் செய்ய வேண்டிய வேலையை மரம் செய்தது. உள்ளங்கையின் அடிப்பாகத்தில் அண்டைகொடுத்து, கை நடுங்காமல் தாங்கிக்கொண்டது. எங்கள் கைகளில் அது இடித்தது. அவன் கைக்கு அது ஐந்தாவது விரல். பாழ் பண்ணினது என்று டாக்டர் சொன்ன இடத்தில்தான் அந்த மனிதன் இருந்தான். பெயர் தெரியாது, காலம் தெரியாது. ஆனால் கை தெரிகிறது.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்தாலும் அசல் இல்லையே" என்றார்.

எனக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டதாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், தமிழ் விமரிசனத்தில் அடிக்கடி கேட்கிற வாக்கியம்தான் அது. என் நாவல் ஒன்றைப் பற்றியும் ஒரு பத்திரிகையில் இப்படி எழுதினார்கள். அதில் ஒரு பிரெஞ்சு நாவலின் சாயல் இருக்கிறது, ஆகையால் படிக்க வேண்டியதில்லை என்று. சாயல் இருந்தது வாஸ்தவம். எனக்குக் கோபம் வந்தது, சாயலைக் கண்டுபிடித்ததற்காக அல்ல. கண்டுபிடித்தவுடனே புத்தகத்தை மூடிவிட்டார்களே என்பதற்காக. குழல் எங்கே செய்தது என்று தெரிந்தவுடன் பிடியைப் பார்க்கவேண்டிய பொறுப்பு தீர்ந்துபோயிற்று!

புதுச்சேரிக்காரர் ஐயர் பெயரை இழுத்தது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. ஏனென்றால் இந்த வழக்கு ஐயர் மேலேயே இருக்கிறது. துப்பாக்கி வழக்கு அல்ல, கதை வழக்கு. 1915-ல் விவேக போதினியில் வந்த 'குளத்தங்கரை அரசமரம்' தமிழின் முதல் சிறுகதை என்று ஒரு காலத்தில் பாடம் படித்தோம். பாரதியையும் மாதவையாவையும் வைத்து அந்த முதலிடத்தைப் பற்றி வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது போகட்டும். அது தாகூரின் கதை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. தாகூர் 1884-ல் எழுதிய 'காட்டேர் கதா'வில் கங்கைக் கரையின் படித்துறை கதை சொல்கிறது. ஐயரின் கதையில் குளத்தங்கரை மரம் கதை சொல்கிறது. இரண்டிலும் ஒரு பெண் தண்ணீரில் விழுந்து சாகிறாள். இரண்டிலும் ஒரு சந்நியாசி வருகிறான். குழல் தாகூருடையதுதான், அதை மறுக்கிறவர்கள் ஐயருக்கு உதவி செய்யவில்லை.

பிடியைப் பாருங்கள் என்கிறேன். தாகூரின் குசும், விதவை என்று தீர்ந்துபோன பெண். அவள் மனம் ஒரு சந்நியாசியிடம் போய்விடுகிறது. அவர் மறந்துவிடு என்கிறார். அவள் கங்கையில் இறங்கிவிடுகிறாள். வெளியுலகத்திலிருந்து யாரும் வந்து அவளை எதுவும் செய்யவில்லை. ஐயரின் ருக்மிணிக்கு மனத்தில் ஒரு குழப்பமும் இல்லை. அவள் கல்யாணமானவள், புருஷனிடம் ஆசை உள்ளவள். அவளைக் கொல்வது என்ன தெரியுமா? ஒரு பாங்கி. அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் முறிந்தது. தென்னாட்டில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. ருக்மிணியின் தகப்பனார் பணமும் போகிறது. பணம் போனதும் மாமியார் வீட்டு முகம் மாறுகிறது. பிள்ளைக்கு இரண்டாம் தாரம் பார்க்கிறார்கள். கதை வெளிவரும்போது அந்த முறிவுக்கு ஒன்பது வயதுதான். படித்தவர்களில் பலருக்குத் தங்கள் வீட்டிலேயே ஒரு ருக்மிணி ஞாபகம் வந்திருப்பாள். கங்கைக் கரையில் இது கிடையாது. இது பூவரசு, நம்ம ஊர் வேலை.

சந்நியாசியையும் பாருங்கள். தாகூரிடம் அவர் கதையின் நடுவில் காரணமாக வருகிறார். ஐயரிடம் அவன் முடிவில் விளைவாக வருகிறான், புருஷனே சந்நியாசியாகிறான். இடம் மாறினதும் அர்த்தமே மாறிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மரம். தாகூரின் படித்துறைக்குக் காலடிகள் தெரியும். பெண்ணின் மனம் ஓரளவு தெரியும். அவளைக் காப்பாற்றக்கூடிய ரகசியம் எதுவும் தெரியாது. ஐயரின் மரத்துக்கு அது தெரியும். நாகராஜன் தன் சிநேகிதனிடம் உண்மையைச் சொல்வது அந்த மரத்தடியில்தான். பெற்றோர்களுக்குப் புத்தி வரும்படியாக, கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறேன். ருக்மிணியைத் தள்ளமாட்டேன் என்கிறான். மரம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ருக்மிணிக்கு அந்தச் செய்தி போகவேண்டும், போனால் பிழைப்பாள். மரத்துக்கு நம்மோடு பேச வாய் இருக்கிறது, அவளோடு பேச வாய் இல்லை. பேசுகிற மரம் என்பது தாகூரிடம் வாங்கிய உத்தி. பேச முடியாத மரம் என்பது ஐயருடையது. ஒரு விரல் இல்லாத இடத்தில் வைத்த மரம் அது.

நான் ஐயருக்கு வக்கீல் வேலை பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கதையில் கோளாறு உண்டு. நாகராஜனின் விளையாட்டு மிகவும் கெட்டிக்காரத்தனமாக முறுக்கிவைத்த விசை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நேராகியிருக்கும் என்று படிக்கும்போதே தோன்றுகிறது. ஒரு மனிதன் மௌனமாக இருந்தால்தான் கதை நடக்கும் என்று ஆகிவிட்டால், அந்த மௌனத்துக்கு ஆசிரியர்தான் காரணம் என்று சந்தேகம் வந்துவிடும். தாகூருக்கு இந்த விசையெல்லாம் தேவைப்படவில்லை. பெண்ணின் மனத்தோடு விளையாட்டுக்கூட வேண்டாம் என்று மரம் நமக்குப் புத்தி சொல்வதும் எனக்கு உவப்பாயில்லை. மரம் பாடப்புத்தகமாகிற இடம் அது. பித்தளைத் தகட்டை ஒட்டினதுபோல.

ஆனாலும் இந்தக் கோளாறுகள் ஐயருடைய கோளாறுகள். தாகூரிடம் கடன் வாங்கினவை அல்ல. விமரிசகன் சண்டை போடவேண்டியது இவற்றோடுதான்.

இந்த விஷயத்தில் ஐயர் தமக்கென்று ஒரு கொள்கை வைத்திருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. பிற்பாடு பெல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பனைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் எல்லோருக்கும் மேலே கம்பனை வைத்தார். பல இடங்களில் வால்மீகிக்கும் மேலே. முதல் நூலை எடுத்துக் கையாண்டவன் முதல்வனையே தாண்டலாம் என்பதுதான் அதன் அடிப்படை. இதை அவர் புதிதாகவும் கண்டுபிடிக்கவில்லை. வழிநூலுக்குத் தொல்காப்பியத்திலேயே இடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பையும் அதில் ஒரு வகையாக வைத்திருக்கிறார்கள். அசல், நகல் என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு இலக்கியத்தைப் பிரிக்கிற பழக்கம் நமக்குப் பிற்காலத்தில் வந்தது.

ஆயுத விஷயத்திலும் நம்மவர்களுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. எழும்பூர் மியூசியத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. 1855-ல் கடைசி ராஜா இறந்து, ராஜ்யம் கம்பெனியிடம் போன பிறகு, ஆயுதசாலையைக் கலைத்தார்கள். சில சென்னைக்கு வந்தன. சில கடல் தாண்டிப் போயின. நியூயார்க் மியூசியத்திலும் தஞ்சாவூர்க் கட்டாரிகள் உண்டு. அவற்றில் பலவற்றின் அலகு ஐரோப்பியக் கத்தி. சீமையிலிருந்து வந்த நீண்ட வாளை வெட்டிச் சிறிதாக்கி, யாளி முகமும் கைக்கவசமும் வைத்த நம்மூர்ப் பிடியில் தைத்திருக்கிறார்கள். அலகு எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்துதான் அதை விரும்பி வாங்கினார்கள். பரங்கி அலகு என்றால் அதற்குத் தனி மதிப்பு. பிடியை மட்டும் பரங்கியிடம் விடவில்லை. அந்தக் கட்டாரிகளை இன்றைக்கு யாரும் பாழாய்ப்போன ஐரோப்பிய வாள் என்று சொல்வதில்லை. தஞ்சாவூர்க் கட்டாரி என்றுதான் கண்ணாடிப் பெட்டியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அன்று மாலை மலையிலிருந்து இறங்கிவரும்போது நான் டாக்டரிடம் சொன்னேன். மேலே அந்தப் பாறைக் கோடுகளைப் பார்த்திருந்தோம். அவற்றின் அருகிலேயே காதலர்களும் பள்ளிக்கூடத்துப் பையன்களும் தங்கள் பெயர்களைக் கீறியிருந்தார்கள். "அப்போ இதுவும் பூவரசம் பிடியா?" என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எல்லா மாற்றமும் ஒன்றல்ல. அந்தப் பையனுக்குக் கல் தேவைப்படவில்லை, எந்தச் சுவரும் போதும் என்று சொன்னேன். விரல் இல்லாதவனுக்கு அந்தப் பிஸ்டல்தான் வேண்டியிருந்தது. ஐயருக்குத் தாகூர்தான் வேண்டியிருந்தது. டாக்டர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. புதுச்சேரிக்காரர், சுண்டுவிரல் இல்லாத தேசபக்தர் யாராவது உண்டா என்று யோசித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் எண்ணியபடியே செய்துவிட்டார். ஆசாரி கருங்காலியில் பிடி கடைந்து கொடுத்தார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. பிஸ்டல் இப்போது படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. புதுச்சேரிக்காரர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

பழைய பிடியை டாக்டர் தினசரிக் காகிதத்தில் சுற்றி எனக்கு அனுப்பியிருந்தார். மேஜைமேல் வைத்திருக்கிறேன். எழுத்து ஓடாதபோது அதைக் கையில் பிடித்துப் பார்க்கிறேன். நான்கு விரலும் ஒழுங்காகப் படிந்துவிடுகின்றன. சுண்டுவிரலுக்குத்தான் இடம் இல்லை.